கோடிட்ட இடத்தில் இன்னா, ஆனா, அட்டா? கம்ப்யூட்டர் உதவும்!

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "பிள்ளைகள் படிப்பிற்காக" என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதில் சினிமாப் பாட்டும் விளையாட்டும்தான் ஓடிக் கொண்டிருக்கும். படிப்பிற்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித் தராததே இதற்குக் காரணம். எனவே, ஒரே ஒரு சின்ன வேலையை மட்டும் இங்கே எடுத்துக் கொள்கிறேன். போட்டித் தேர்வுகளின் ஆங்கிலப் பகுதியில் வரும் பிரிபொசிஷன் கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கப் பழகுவதற்கு, உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்க்கலாம். தனியாக சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். வேர்ட், எக்ஸெல், ஒரு பிரவுசர், இன்டர்நெட் இணைப்பு, இவை இருந்தால் போதும்.

ஒரு முன்குறிப்பு. ஆங்கிலச் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தேடும்போதும் வேர்டில் அமைக்கும்போதும் அவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திடவும்.

ஒரு சொல், இரண்டரை மார்க்

இது இலக்கணப் பண்டிதர்களின் கவலை மட்டுமல்ல. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வை எடுத்துக் கொள்ளுங்கள். 2024-ஆம் ஆண்டுத் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்திற்கு 25 கேள்விகள், 50 மார்க். சரியான விடைக்கு 2 மார்க். தவறான விடைக்கு 0.50 மார்க் குறைக்கப்படும். அதாவது டு என்று போட வேண்டிய இடத்தில் தேன் என்று போட்டால், சரியாகப் போட்டவருக்கும் உங்களுக்கும் இடையே 2.50 மார்க் இடைவெளி விழுந்துவிடும். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அரை மார்க்கில் முடிவாகிற தேர்வுகள் இவை.

என் அண்ணன் மகள் வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். கோடிட்ட இடங்களை எப்படி நிரப்புகிறாய் என்று கேட்டேன்.

"காதுக்கு எது நல்லா இருக்கோ அதைப் போடறேன் சித்தப்பா. பாதி சரியா வருது, பாதி போயிடுது" என்றாள்.

அவள் சொன்னது பலருக்கும் பொருந்தும். காதுக்கு நன்றாக இருப்பதைப் போடுவது ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்குச் சரி. நம் காது தமிழில் பழகிய காது. அது தமிழுக்கு எது பொருந்துகிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

காது எங்கே ஏமாற்றுகிறது?

ஆங்கிலத்தில் பிரிபொசிஷன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். தமிழில் அதே வேலையை வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்று செய்கின்றன. இடம் மாறுவது பெரிய தொல்லை இல்லை. ஒரு தமிழ் உருபுக்குப் பல ஆங்கிலச் சொற்கள் இருப்பதுதான் தொல்லை. சில உதாரணங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

1. இல்: பெட்டியில் என்றால் இன் தி பாக்ஸ். மேஜையில் என்றால் ஆன் தி டேபிள். வாசலில் என்றால் அட் தி டோர். கணக்கில் கெட்டிக்காரன் என்றால் குட் அட் மேத்ஸ். இந்தக் கடைசி இடத்தில் நம்மவர்கள் தயங்காமல் இன் போடுவார்கள்.

2. ஆல்: பாரதியாரால் எழுதப்பட்டது என்பதற்கு பை. கத்தியால் வெட்டினான் என்பதற்கு வித். காய்ச்சலால் இறந்தார் என்பதற்கு ஆஃப். குளிரால் நடுங்கினான் என்பதற்கு மீண்டும் வித்.

3. உடன்: ராமுவுடன் போனான் என்பதற்கு வித் சரி. ஆனால் அவருடன் திருமணம் ஆனது என்பதற்கு மேரீட் டு. இங்கே வித் போடுவது தேர்வில் அடிக்கடி பிடிபடும் தவறு.

4. இடம்: நாயிடம் பயம் என்பதற்கு அஃப்ரெய்ட் ஆஃப். என்னிடம் கோபம் என்பதற்கு ஆங்க்ரி வித். அவனிடம் கேள் என்பதற்குப் பிரிபொசிஷனே வேண்டாம், ஆஸ்க் ஹிம் என்றால் போதும்.

5. விட: என்னை விட உயரமானவன் என்பதற்கு தேன். ஆனால் என்னை விட சீனியர் என்பதற்கு டு. காபியை விட டீ பிடிக்கும் என்பதற்கும் பிரிஃபர் டீ டு காஃபி.

6. பற்றி: டாக் அபவுட் சரி. டிஸ்கஸ் அபவுட் தவறு. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே பற்றி என்ற பொருள் அடங்கிவிட்டது. பெருமைப்படுகிறேன் என்றால் ப்ரவுட் ஆஃப்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். நீங்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஆறு அறைகளில் ஏதாவது ஒன்றில் அடங்கும். எந்த அறையில் அதிகம் சேர்கிறது என்று கண்டுபிடிக்க எக்ஸெல் உதவும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் அகராதி, பிறகுதான் தேடல்

சந்தேகம் வந்தவுடன் பலரும் கூகுளைத் திறக்கிறார்கள். அதற்கு முன் திறக்க வேண்டியது மாணவர்களுக்கான ஆங்கில அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி, கேம்பிரிட்ஜ் டிக்ஷனரி, லாங்மேன் டிக்ஷனரி என்று டைப் செய்தால் அந்தத் தளங்கள் கிடைக்கும்.

சாதாரண அகராதி பொருளை மட்டும் சொல்லும். இவை அந்தச் சொல் எந்தப் பிரிபொசிஷனுடன் சேரும் என்பதையும் சேர்த்துத் தருகின்றன. இதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேய ஆசிரியர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்து வந்தார். ஜப்பானிய மொழியிலும், தமிழைப் போலவே, இந்த ஒட்டுச் சொற்கள் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும். வினைச்சொற்கள் வாக்கியத்தில் எந்த அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதி ஒன்றை அவரும் அவருடைய நண்பர்களும் தயாரித்தனர். 1942-இல் டோக்கியோவில் வெளியான அந்த அகராதியே, ஆக்ஸ்ஃபோர்டு 1948-இல் வெளியிட்ட மாணவர் அகராதிக்கு அடிப்படை. ஆக, இந்த அகராதி தொடக்கத்திலிருந்தே நம்மைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது.

பயன்படுத்தும் முறை எளிது. இன்சிஸ்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். உதாரண வாக்கியங்களுக்கு முன்னால் தடித்த எழுத்தில் ஆன் என்ற சொல் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும். கோடிட்ட இடத்திற்குப் பின்னால் வரும் சொல்லைத் தேடாதீர்கள். பிரிபொசிஷனை முடிவு செய்வது பெரும்பாலும் கோட்டிற்கு முன்னால் இருக்கும் வினைச்சொல்லோ பெயரடையோதான். காலத்தையும் இடத்தையும் சொல்லும் வாக்கியங்களில் மட்டும் கோட்டிற்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். ஆன் மண்டே, இன் தி மார்னிங், அட் நைட் என்பவை இப்படிப்பட்டவை.

மேற்கோள் குறிக்குள் தேடுங்கள்

அகராதியில் தெளிவு கிடைக்கவில்லை என்றால் தேடுதளத்திற்கு வரலாம். இங்கே இரண்டு வசதிகளைத் தெரிந்து கொள்ளுங்கள்.

முதலாவது இரட்டை மேற்கோள் குறி. சொற்களை இதற்குள் அமைத்துத் தேடினால், அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் கிடைக்கும். சீனியர் டு மீ என்று ஒரு முறையும், சீனியர் தேன் மீ என்று ஒரு முறையும் மேற்கோள் குறிக்குள் தேடி, கிடைப்பவற்றைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது நட்சத்திரக் குறி. எந்தச் சொல் என்று தெரியாத இடத்தில் இதைப் போடலாம். கங்கிராஜுலேட்டட் ஹிம், பிறகு நட்சத்திரக் குறி, பிறகு ஹிஸ் சக்சஸ் என்று மேற்கோள் குறிக்குள் கொடுத்துத் தேடினால், அந்த இடத்தில் ஆன் வருவதை முடிவுகளில் காணலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எத்தனை முடிவுகள் என்று தேடுதளம் காட்டும் எண்ணிக்கை ஒரு மதிப்பீடுதான். அதை வைத்து எது சரி என்று தீர்ப்பு எழுதக் கூடாது. டிஸ்கஸ் அபவுட் என்று தேடினாலும் ஏராளமான பக்கங்கள் வரும். காரணம், இந்தத் தவறைச் செய்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களும் இணையத்தில் எழுதுகிறார்கள். மேலும், தேடுதளம் பெரும்பாலும் நிறுத்தற்குறிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு வாக்கியம் டிஸ்கஸ் என்று முடிந்து அடுத்தது அபவுட் என்று தொடங்கினாலும் அதையும் கணக்கில் சேர்க்கக் கூடும்.

எனவே எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்க்காமல், யார் எழுதினார்கள் என்று பாருங்கள். இதற்கு சைட் என்ற கட்டளை உதவும். தேட வேண்டிய சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சைட் என்று டைப் செய்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் ஒரு தளத்தின் முகவரியைக் கொடுக்கவும். ஆங்கில நாளிதழ் அல்லது பிபிசியின் தளத்தைக் கொடுத்தால், ஆசிரியர் குழு திருத்திய ஆங்கிலத்தில் மட்டும் தேடல் நடக்கும். அங்கே தவறான வடிவம் அபூர்வமாகவே கிடைக்கும்.

புத்தகங்களுக்குள் ஒரு தேடல்

2010-ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் வெளியிட்ட புக்ஸ் என்கிராம் வியூவர் என்ற வசதி பலருக்கும் தெரியாது. ஸ்கேன் செய்யப்பட்ட லட்சக்கணக்கான புத்தகங்களில் ஒரு சொற்றொடர் எந்த ஆண்டில் எவ்வளவு பயன்பட்டது என்பதை இது கோடாக வரைந்து காட்டும். புத்தகங்கள் பெரும்பாலும் திருத்தி அச்சிடப்பட்டவை என்பதால், இணையப் பக்கங்களை விட இதை அதிகம் நம்பலாம்.

கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர் என்று தேடித் தளத்தைத் திறக்கவும். பெட்டியில் டிஃபரன்ட் ஃப்ரம், டிஃபரன்ட் டு, டிஃபரன்ட் தேன் என்று மூன்றையும் காற்புள்ளி இட்டு டைப் செய்து என்டர் தட்டவும். மூன்று கோடுகள் தோன்றும். ஃப்ரம் கோடு மற்ற இரண்டையும் விட உயரத்தில் ஓடும். மேலே உள்ள பட்டியலில் பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றியும் பார்க்கலாம். தேன் அமெரிக்கர்களின் பழக்கம் என்பதும், டு பிரிட்டிஷாரின் பழக்கம் என்பதும் புரியும். தேர்வில் எதைப் போட வேண்டும்? இரண்டு நாட்டிலும் முதலிடத்தில் இருக்கும் ஃப்ரம்தான்.

இன்னொரு வசதி. கேபபிள் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, நட்சத்திரக் குறி, அடிக்கோடு, ஏடிபி என்ற மூன்று பெரிய எழுத்துகள் ஆகியவற்றைச் சேர்த்து அமைக்கவும். அந்தச் சொல்லுக்குப் பின் அதிகம் வரும் பிரிபொசிஷன்களை அதுவே பட்டியலிடும். ஏடிபி என்பது அட்பொசிஷன் என்பதன் சுருக்கம். முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் இந்த வகைச் சொற்களுக்கு மொழியியலார் வைத்த பொதுப் பெயர் அது. பின்னால் வரும் மொழி நம்முடையது.

இதிலும் எல்லைகள் உண்டு. ஐந்து சொற்களுக்கு மேற்பட்ட தொடரைத் தேட முடியாது. 40 புத்தகங்களிலாவது இடம்பெறாத தொடர்கள் கணக்கில் வராது. எனவே முழு வாக்கியத்தைக் கொடுக்காமல், முக்கியமான இரண்டு மூன்று சொற்களை மட்டும் கொடுக்கவும்.

நீலக் கோட்டையும் ஏஐயையும் எவ்வளவு நம்பலாம்?

வேர்ட் தொகுப்பில் எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு வரும். இலக்கணப் பிழைக்குப் பழைய பதிப்புகளில் பச்சை, பிந்தைய பதிப்புகளில் நீலம். கோடு விழுந்தால் நின்று யோசியுங்கள். ஆனால் கோடு விழவில்லை என்பதால் வாக்கியம் சரி என்று எண்ண வேண்டாம். பல பிரிபொசிஷன் தவறுகள் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின்னர், பலரும் கேள்வியை அப்படியே அதில் கொடுத்து விடை வாங்குகிறார்கள். இத்தகைய ஏஐ உதவியாளர்கள் பிரிபொசிஷன் கேள்விகளில் பெரும்பாலும் நன்றாகவே செயல்படுகின்றன. ஆனால் தவறும்போதும் அதே உறுதியுடன் பேசும் என்பதை மறந்துவிடக் கூடாது. விடையை மட்டும் கேட்காதீர்கள். "மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு? அவற்றில் எதுவாவது சரியாக வரும் வேறு வாக்கியம் ஒன்று தரவும்" என்று கேளுங்கள். அப்போதுதான் உங்களுக்குப் பாடம் கிடைக்கும். அது சொல்லும் விதியை அகராதியில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

சொந்தமாக ஒரு டெஸ்ட்

கைடு புத்தகங்களில் உள்ள கேள்விகளை ஒரு முறை செய்து முடித்தால் விடைகள் மனப்பாடம் ஆகிவிடும். வேர்ட் இருந்தால் தினமும் புதிய டெஸ்ட் தயாரிக்கலாம். திருத்துவதையும் கம்ப்யூட்டரே செய்யும்.

1. ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்திலிருந்து மூன்று நான்கு பாராக்களைக் காப்பி செய்து, புதிய வேர்ட் பைலில் பேஸ்ட் செய்திடவும். ஒரிஜினல் என்று பெயரிட்டு சேவ் செய்திடவும்.

2. அதையே சேவ் அஸ் மூலம் டெஸ்ட் என்ற பெயரில் இன்னொரு பைலாக சேவ் செய்திடவும். இனி வேலை எல்லாம் இந்த டெஸ்ட் பைலில்தான்.

3. கண்ட்ரோல் + எச் அழுத்தவும். ஃபைண்ட் வாட் என்ற இடத்தில் இன் என்று கொடுக்கவும். ரீப்ளேஸ் வித் என்ற இடத்தில் ஐந்து அடிக்கோடுகள் கொடுக்கவும்.

4. மோர் என்ற பட்டனை அழுத்தினால் மேலும் சில வசதிகள் தோன்றும். அவற்றில் ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி என்ற கட்டத்தில் டிக் செய்திடவும். இதை மறந்தால் இந்தியா போன்ற சொற்களுக்குள்ளும் புகுந்து இன் இருக்கும் இடமெல்லாம் கோடாகிவிடும்.

5. ரீப்ளேஸ் ஆல் அழுத்தவும். பிறகு ஆன், அட், பை, ஃபார், வித், ஃப்ரம், ஆஃப் என்று ஒவ்வொன்றாக இதே போல் மாற்றவும். டு என்பதைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். டு கோ, டு சீ என்று வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் டுவும் மறைந்து குழப்பம் உண்டாகும்.

6. பைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று சென்று, டைப் செய்கையில் இலக்கணப் பிழை காட்டும் வசதியின் டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். நீலக் கோடு விடையைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா!

7. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, ஒவ்வொரு கோட்டையும் அழித்து விடையை டைப் செய்திடவும். முடித்தபின் சேவ் செய்திடவும்.

8. ரிவியூ டேபில் கம்பேர் என்ற பிரிவைக் கிளிக் செய்து, அதில் கம்பேர் என்பதையே தேர்ந்தெடுக்கவும். ஒரிஜினல் டாகுமெண்ட் என்ற இடத்தில் முதல் பைலையும், ரிவைஸ்டு டாகுமெண்ட் என்ற இடத்தில் டெஸ்ட் பைலையும் கொடுத்து ஓகே அழுத்தவும்.

இப்போது மூன்றாவதாக ஒரு பைல் திறக்கும். நீங்கள் எழுதியது மூலத்திலிருந்து எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் வண்ணத்தில் காட்டப்படும். வண்ணம் இல்லாத இடங்கள் சரியான விடைகள். வண்ணம் உள்ள இடங்களை உடனே தவறு என்று தள்ளிவிட வேண்டாம். சில இடங்களில் இரண்டு சொற்களும் பொருந்தும். அந்த இடங்களைத்தான் அகராதியில் பார்க்க வேண்டும்.

வேர்ட் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரைப் பயன்படுத்தலாம். அதில் எடிட் மெனுவில் ட்ராக் சேஞ்சஸ் பிரிவில் கம்பேர் டாகுமெண்ட் உள்ளது.

எக்ஸெல்லில் தவறு நோட்டு

பள்ளியில் தவறுகளைத் தனி நோட்டில் எழுதச் சொல்வார்கள். அந்த நோட்டை எக்ஸெல்லில் வைத்தால் அது நம்மைக் கேள்வி கேட்கும். முதல் வரிசையில் தலைப்புகளைக் கொடுத்து ஆறு நெட்டு வரிசைகளை அமைக்கவும். ஏ-யில் கோடிட்ட வாக்கியம், பி-யில் சரியான விடை, சி-யில் நீங்கள் தரும் விடை, டி-யில் உங்களைத் தடுமாற வைத்த தமிழ் உருபு, ஈ-யில் மார்க், எஃப்-பில் ஒரு குலுக்கல் எண்.

ஈ2 செல்லில், சம அடையாளம் போட்டு இஃப் ஃபார்முலா மூலம் பி2-வும் சி2-வும் ஒன்றாக இருந்தால் 1, இல்லை என்றால் 0 என்று அமைக்கவும். எஃப்2 செல்லில் சம அடையாளம், ரேண்ட், திறந்து மூடிய அடைப்புக்குறி. இரண்டையும் கீழே வரை இழுத்துக் காப்பி செய்திடவும். இப்படி ஒப்பிடும்போது எக்ஸெல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. ஆனால் விடைக்குப் பின்னால் தெரியாமல் ஸ்பேஸ் தட்டியிருந்தால் தவறு என்று சொல்லிவிடும். கவனம் தேவை.

பயிற்சியின்போது சி வரிசையைக் காலி செய்து, பி வரிசையில் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுத்துவிடவும். பிறகு எஃப் வரிசையை வைத்து சார்ட் செய்தால், கேள்விகள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வரும். முடிந்ததும் ஈ வரிசையில் ஆட்டோசம் கொடுத்தால் மொத்த மார்க் கிடைக்கும்.

டி வரிசைதான் இதில் முக்கியம். டேட்டா டேபில் ஃபில்டர் அமைத்து, 0 மார்க் வாங்கியவற்றை மட்டும் பாருங்கள். அண்ணன் மகள் இரண்டு வாரம் இப்படிச் செய்து பார்த்ததில், அவளுடைய தவறுகளில் பாதிக்கு மேல் உடன், விட என்ற இரண்டிலேயே இருந்தது தெரிந்தது. அந்த இரண்டிற்கு மட்டும் தனியாக உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

கேள்வித்தாளில் அடிக்கடி வருபவை

முதல் வாரத்தில் நோட்டில் ஏற்ற வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

டு மட்டும் வருபவை: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர். இவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள் என்பதால் தேன் ஏற்காது.

பிரிபொசிஷன் தேவையில்லாதவை: டிஸ்கஸ், ரீச், மேரி, ரிசெம்பிள், அக்கம்பனி, இன்வெஸ்டிகேட். என்டர் என்பதும் அறைக்குள் நுழைவது என்ற பொருளில் தனியே வரும். ஒப்பந்தம் செய்து கொள்வது என்ற பொருளில் மட்டும் என்டர் இன்டு.

டு வந்தும் ஐஎன்ஜி கேட்பவை: லுக் ஃபார்வர்ட் டு, அக்கஸ்டம்டு டு, வித் எ வியூ டு. டு பார்த்தவுடன் மீட் என்று போடாமல் மீட்டிங் என்று போட வேண்டும்.

ஒரே பொருள், வெவ்வேறு துணை: குற்றம் சாட்டுவதில் அக்யூஸ் என்றால் ஆஃப், சார்ஜ் என்றால் வித். கட்டுப்படுவதில் கம்ப்ளை என்றால் வித், அபைட் என்றால் பை, அட்ஹியர் என்றால் டு. தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சின்ஸ், ஃபார்: தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ், கால அளவைச் சொன்னால் ஃபார். சின்ஸ் 2015, ஃபார் டென் இயர்ஸ். சின்ஸ் டென் இயர்ஸ் என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் தவறு.

அரைவ்: பெரிய ஊர் என்றால் இன், நிலையம் போன்ற இடம் என்றால் அட். டு ஒருபோதும் வராது.

பிட்வீன், அமங்: இரண்டுக்கு பிட்வீன், அதற்கு மேல் அமங் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் மூன்று நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் என்று தனித்தனியாகக் குறிப்பிடும்போது பிட்வீன் போடுவதும் நல்ல ஆங்கிலம்தான், அகராதிகளும் ஏற்கின்றன. தேர்வில் இரண்டும் விடைகளாகத் தரப்பட்டிருந்தால் பெரும்பாலும் பள்ளி விதியைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

விடைப் பட்டியலே தவறாக இருந்தால்?

கைடு புத்தகத்தின் பின்பக்கம் வேதம் அல்ல. அதில் தந்த விடை அகராதிக்கு மாறாக இருந்தால் அகராதியை நம்புங்கள். உண்மைத் தேர்விலும் இது உதவும். எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் பின் தற்காலிக விடைகளை வெளியிட்டு, குறிப்பிட்ட நாள்களுக்குள் ஒரு கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்றுக் கொண்டு, ஆட்சேபங்களை இணையம் வழியே ஏற்கிறது. "என் காதுக்குச் சரியாகப் பட்டது" என்று எழுதினால் எடுபடாது. அகராதியில் உள்ள வரியைக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். எனவே சந்தேகத்தைத் தீர்த்த அகராதிப் பக்கத்தை அவ்வப்போது புக்மார்க் செய்து வையுங்கள்.

தெரியாவிட்டால் விடலாமா, எழுதலாமா?

ஒரு சின்னக் கணக்கு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக் கொண்டு ஒன்றைத் தொட்டால், சி.ஜி.எல். முறையில் ஒரு கேள்விக்குச் சராசரியாகக் கிடைப்பது 0.125 மார்க்தான். வங்கித் தேர்வுகளில் தவறான விடைக்கு கால் பங்கு மார்க் குறைப்பார்கள். அங்கே ஐந்து விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டால் சராசரி பூஜ்யம். ஆனால் சி.ஜி.எல். கேள்வியில் உறுதியாக இரண்டு விடைகளைத் தள்ளிவிட முடிந்தால், சராசரி 0.75 மார்க்காக உயர்ந்துவிடும். எனவே, சரியான விடை தெரியாவிட்டாலும் தவறான இரண்டைத் தெரிந்து கொள்வது வீண் உழைப்பு அல்ல. மேலே சொன்ன வழிகளில் எது வராது என்பதையும் சேர்த்துப் பழகுங்கள்.

தினமும் அரை மணி நேரம் போதும். பத்து நிமிடம் டெஸ்ட், பத்து நிமிடம் அகராதி, பத்து நிமிடம் எக்ஸெல் நோட்டு. இந்தத் தேர்வுகள் கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன என்பதால், திரையில் வாக்கியத்தைப் படித்து விடையைக் கிளிக் செய்யும் பழக்கமும் கூடவே வந்துவிடும். தேர்வு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் அகராதியோ தேடுதளமோ இருக்காது. அவற்றிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே கேட்டு முடித்துவிடுங்கள்.